பத்துக் கேள்விக்கும் ‘வலி இல்லை’

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் கைகளை முத்தமிட்டு நெஸ்லிஹான் எழுதுவது. நான் நலம். எர்சுரூமில் என்னைவிட அதிகமாக உழைப்பது குளிர் மட்டும்தான். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

எங்கள் மருத்துவமனையில், முதுகுவலி நோயாளிகளுக்கான வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைத் துருக்கி மொழியில் ஆக்கி முடித்துவிட்டோம் என்று இருந்தோம். நேற்று, நாங்கள் குல்சும் அத்தை என்று கூப்பிடும் நோயாளி ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, பத்துக் கேள்விக்கும் ‘வலி இல்லை’ என்று குறித்தார். தாளின்படி எங்கள் மருத்துவமனையிலேயே அவர்தான் ஆரோக்கியசாலி.

“அல்லா கொடுத்த உடம்பு மகளே, அதைப் போய்க் குறை சொல்லுவாங்களா?”

“சரி அத்தை, தொழுகையில தரையிலேர்ந்து எப்படி எந்திரிக்கிறீங்க?”

“எங்கே எந்திரிக்கிறது! ஆறு மாசமா நாற்காலியிலதான் தொழறேன்.”

ஆகவே இப்போது வலியைக் கேட்பதோடு, கைவிட்ட வேலைகளையும் கேட்கிறோம். புதிய தாள் ஒன்றை உங்களுக்காக வைத்திருக்கிறேன். ‘அல்லாவுக்கு நன்றி’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். இந்த வருஷம் ஆலிவ் ஜாடியைத் தூக்கியது யார் என்றும் எழுதுங்கள். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வேண்டும். நீங்களே பின்னியதாக இருந்தால், உங்களால் உட்கார முடிகிறது என்று தெரிந்துகொள்வேன்.

பேருந்து வந்துவிட்டது. மேலே நான் நலம் என்று எழுதியிருக்கிறேன். அதையும் குல்சும் அத்தையின் பதில்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
நெஸ்லிஹான்