தலை எந்தப் பக்கம்

என் ஆசைத் தம்பி முருகேசா,

நீ இறந்த செய்தி வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி. "பொதைக்கையில எம்புள்ள தலைய எந்தப் பக்கம் வச்சாங்க?" தெற்கே வைத்தார்கள் என்று தெரியாமல் கருமாதிக்குச் சம்மதிக்க மாட்டேன் என்றாள். கருமாதி முடியாததால் உன் மனைவி செல்வி வாசலைத் தாண்ட முடியாமல் உள்ளேயே கிடந்தாள். அந்தப் பாலைவனத்தில் நான் யாரைக் கேட்பேன்?

டிரைவர் வேலை என்று அரபு நாட்டுக்குக் கூட்டிப்போய் உன்னை ஆட்டுப்பட்டியில் விட்டார்கள். உன் கடிதங்களில் அதைப் பற்றி ஒரு குறையும் இருக்காது. ஆடுகளுக்கு நம் சொந்தபந்தங்களின் பெயர் வைத்ததைத்தான் எழுதுவாய். எல்லோரையும் முட்டும் கிடாவுக்குச் சின்ன மாமா பெயர். செல்வி படித்துக்காட்டும்போது, "மாமங்காரன் காதுல வுழுந்தா அவ்வளவுதான்டி" என்று அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பேச ஆள் இருப்பவன் ஆட்டுக்குப் பெயர் வைப்பானா?

போன மாதம் திருமானூர்க் கலியபெருமாள் வாலிகண்டபுரத்தில் நம் வீட்டுக்கு வந்தார். பக்கத்துப் பட்டியில் வேலை பார்த்தவர். உன் போர்வையைக் கொண்டுவந்திருந்தார். அவர் உட்காருவதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்.

"தெக்கதாம்மா. நாந்தான் புடிச்சு வச்சேன்."

"நல்லா இருப்ப சாமி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். "நான் போனதே மறுநாளுங்க அக்கா. அதுக்குள்ள மூடிட்டாங்க. காத்துல மேடுகூடத் தெரியல" என்றார்.

"அப்ப ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"அந்த மொகத்தப் பாத்துட்டு வேற என்னங்க சொல்றது?"

கருமாதி நடந்தது. செல்வி பெரம்பலூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அதிகம் பேசுவதில்லை. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

நேற்று அரியலூரிலிருந்து அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, நீ படிச்சவ. லேசுல எதையும் நம்ப மாட்ட. போர்வ கொண்டாந்த அந்தப் புள்ள நெசத்தத்தான் சொல்லுச்சா?"

சடங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாட்சி இல்லாத பேச்சை ஏற்றதும் இல்லை. உனக்குத் தெரியாததா?

"நல்லா விசாரிச்சிட்டேம்மா. தெக்கதான்" என்றேன்.

முருகேசா, அவள் இருக்கும்வரை இந்தப் பதிலை மாற்ற மாட்டேன். செல்வியிடமும் சொல்ல மாட்டேன். நீ எந்தத் திசையில் கிடக்கிறாய் என்ற கேள்வி இனி என்னோடு இருக்கட்டும்.

உன்னைத் தேடி வர வழி தெரியாத,
பெரியக்கா