கண்டது இவ்வளவுதான்

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்து டிவியைப் போட்டதும் திரையின் அடியில் அந்த மலையாளச் சொல் ஓடியது: 'துரூகத'. நாம் மர்மம் என்போமே, அதுதான். எங்கோ யாரோ இறந்திருக்கிறார். இறந்தவரின் பெயர்கூட வரவில்லை. அதற்குள் மர்மம் வந்துவிட்டது. சத்தத்தைக் குறைத்துவிட்டு உங்களை நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆரியசாலைச் சந்தைத் தெருவில் என் பாத்திரக்கடைக்கு எதிரேதான் உங்கள் டீக்கடை இருந்தது. மிளகு வாங்க மலையோர வித்துராவுக்குப் போன உங்கள் வீட்டுக்காரர், நம் அண்ணன், அங்கே ஓடைக்கரையில் இறந்து கிடந்தபோது, இதே சொல்லைத்தான் சேனல்காரர்கள் உங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார்கள். 'மனைவியிடம் போலீஸ் விசாரணை' என்றார்கள். போலீஸ் கேட்டது அண்ணன் சாப்பிட்ட மாத்திரைகளைப் பற்றி. நீங்கள் அழவில்லை என்பதும் செய்தியானது. 'சந்தேகம் வலுக்கிறது' என்றார்கள். யாருக்குச் சந்தேகம் என்று கடைசிவரை சொல்லவில்லை. மாரடைப்பு என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தபோது சொல்ல எந்தச் சேனலும் வரவில்லை. தெருவில் பலர் மாதக்கணக்கில் உங்கள் டீயைத் தொடவில்லை. நீங்கள் தினமும் அடுப்பைப் பற்றவைத்தீர்கள்.

சில வருஷம் கழித்து, சுமை தூக்குபவர் ஒருவரின் சின்ன மகள் சந்தை நெரிசலில் காணாமல் போனாள். வடநாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவன் அவள் கையைப் பிடித்துப் போவது ஒரு கடைக் கேமராவில் பதிந்திருந்தது. சேனல்காரர்கள் அவன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கடத்தலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதுவும் அறியாமல் அவன் நம் தெருவுக்கே திரும்பி வந்தான். சட்டையைப் பிடித்தார்கள். முதல் அடியும் விழுந்தது.

அவனும் பிள்ளையும் போனதை நீங்கள் பார்த்தீர்கள் என்று யாரோ சொல்ல, நிருபர் மைக்கை உங்களிடம் நீட்டினார். அவன் நடையில் சந்தேகப்படும்படி ஏதாவது இருந்ததா என்று மலையாளத்தில் கேட்டார். நீங்கள் தமிழிலேயே பதில் சொன்னீர்கள்.

"அவன் பிள்ளைக்குப் பழம் வாங்கிக் குடுத்தான். ரெண்டுபேரும் கோட்டைப் பக்கம் நடந்து போனாவ. நான் கண்டது இவ்வளவுதான், கேட்டோ."

உங்களுக்கு என்ன தோன்றியது என்று அவர் விடாமல் கேட்டார்.

"தோணினத சொல்ல மாட்டேன்."

ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் உயிரோடு மிஞ்சியிருப்பானா, தெரியவில்லை. நீங்கள் மைக்கைத் தாண்டி நடந்துபோய் அவன் முன்னால் நின்றீர்கள். அவன் அழுதபடி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: "தானா, தானா." அந்தக் கூச்சலில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நீங்கள் குனிந்து கேட்டீர்கள். உங்கள் முகம் மாறியது.

"டாணான்னு சொல்லுதான். எங்கப்பா போலீஸ் ஸ்டேஷன அப்படித்தான் சொல்லுவாரு. பிள்ளைய ஸ்டேஷன்ல கொண்டு விட்டிருக்கான். யாராவது ஓடிப்போய்ப் பாருங்க."

கிழக்கேக்கோட்டை போலீஸ் உதவி மையத்தில் குழந்தை பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பேர் கேட்டால் அழுதிருக்கிறது. அதனால் வீட்டாரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தாய் அதை வாரி எடுத்துக்கொண்டு வந்தாள். நீங்கள் அந்தப் பையனை உள்ளே உட்காரவைத்து, உதட்டு ரத்தத்தைத் துடைத்து, டீ கொடுத்தீர்கள். சாயந்திரம் அதே நிருபர் உங்களைப் பாராட்டிப் பேட்டி எடுக்க வந்தார். பாத்திரம் கழுவ வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டீர்கள்.

கூட்டம் கலைந்தபின் நான் கேட்டேன். உங்களை அப்படிப் பேசிய ஊர்தானே இது, அதன் எதிரில் போய் நிற்க எப்படி அக்கா முடிந்தது?

"இந்தப் பேச்சு எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியும்லா," என்றீர்கள். அண்ணனுக்காக அழாத உங்கள் கண்கள் அப்போது நிறைந்ததைப் பார்த்தேன்.

நீங்கள் கண்மூடி இந்த மழைக்காலத்தோடு இரண்டு வருஷம். போன வாரம் பக்கத்து லாட்ஜிலிருந்து ஒரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். அவள் எப்படிப்பட்டவள், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கையில் பையோடு பஸ் ஏறினாள் என்றேன். அப்புறம் என்று எல்லா முகங்களும் காத்திருந்தன. அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கஷ்டம், அக்கா. மூடிக்கொண்டேன்.