இரண்டு குழாயா, மூன்று குழாயா

ஜூலை 2, புதன்

கச்சான் காற்று. வாய்க்குள்ளும் மண். காயப்போட்ட சேலை பக்கத்து வளவில்.

துறையில் ஓடிய படகைத் திருத்தவென்று கரையேற்றி இன்றுடன் நான்கு கிழமை. இன்னும் ஒரு ஆணிகூடக் கழற்றவில்லை. படகென்றால் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு இருபது நிமிடம். பஸ்ஸில் சுற்றிப் போக ஒன்றரை மணித்தியாலம், வழி முழுக்கக் குண்டும் குழியும்.

இடைவேளையில் கூட்டம். பதினான்கு ஆசிரியர்களும் சேர்ந்து சொந்தமாக ஒரு மிதவைப் படகு வாங்குவதாக முடிவு. பாவித்த படகு இரண்டு விலைக்கு நிற்கிறதாம். எது நல்லது? எங்களில் மூத்தவர் பரமேஸ்வரன் சேர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"வசந்தி டீச்சர் பாத்துச் சொன்னாச் சரி. விஞ்ஞானம் படிப்பிக்கிறவ."

மிதத்தல் விதி எட்டாம் வகுப்புக்குப் படிப்பிப்பதால் எனக்குப் படகு தெரியுமாம். மறுத்திருக்க வேண்டும். பெருமையில் தலையாட்டிவிட்டேன்.

வெளியே வந்ததும் நிரோஷா பின்னால் வந்தாள். ஐந்து மாதம். போன வருடம் ஒன்று தங்கவில்லை. இந்த முறை குலுங்காமல் இருக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். லீவெல்லாம் போன முறையே முடிந்துவிட்டது.

"அக்கா, எது கெதியா வருமோ அத எடுங்க."

ஜூலை 5, சனி

இரண்டையும் பார்த்தாயிற்று. துணைக்கு சிவா அண்ணன். மீன்பிடிக்கிறவர், படகு வந்தால் அவர்தான் ஓட்டப்போகிறார்.

நாவற்குடாவில் நிற்பது:
– இரண்டு வயது. அடியில் மிதக்க இரண்டு பெரிய அலுமினியக் குழாய்
– பிளாஸ்டிக் கதிரை, மேலே தறப்பாள் கூரை
– எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது
– அடுத்த கிழமையே எடுக்கலாம். வேண்டுமானால் முதலில் இரண்டு தரம் ஓடிப் பார்க்கலாம்

பாசிக்குடாவில், மூடிக்கிடக்கும் ஒரு ஹோட்டலினுடையது:
– பன்னிரண்டு வயது. மூன்று குழாய். தகடும் தடிப்பு
– மெத்தை ஆசனம், கிளாஸ் வைக்கக் குழி (சேரின் வெற்றிலைப் பெட்டிக்கு ஆகும்)
– தளப் பலகை ஒரு மூலையில் உக்கல்
– எஞ்சின் செத்தது. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். இரண்டு மாதம் என்கிறார்கள், அப்படியென்றால் மூன்று

விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

சிவா அண்ணன் பழையதின் குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "நல்ல சாமான் டீச்சர். ஆனா எஞ்சின் வரும்வரைக்கும் ஆரு காவல் இரிக்கிற?"

பின்னேரம் வட்ஸ்அப்பில் எல்லோரிடமும் நிறை கேட்டேன். கோபித்தவர்கள் மூன்று பேர். எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று ஆளுக்கு ஐந்து கிலோ கூட்டினேன். எனக்கும். பைகள், சாப்பாட்டுப் பெட்டிகள், சிவா அண்ணன் எல்லாம் சேர்த்து 960. புதியதின் தகட்டில், தாங்கும் பாரம் 1000 என்றிருக்கிறது. சரி.

புதியதுதான். நிரோஷாவுக்குச் செய்தி போட்டேன். கும்பிடும் கை ஏழு அனுப்பினாள்.

ஜூலை 8, செவ்வாய்

தலையிடி. உப்பு முடிந்துவிட்டது, வாங்க மறந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து வெள்ளோட்டம். பதினான்கு பேரும் ஏறினோம். சேர் தேங்காய் உடைத்தார். தண்ணீர் தட்டையாகக் கிடந்தது, படகும் அழகாகப் போனது. நிரோஷா நடுக்கதிரையில், செருப்பைக் கழற்றிவிட்டு.

வளைவு திரும்பியதும் வலப்பக்கக் கரையில் அம்மன் கோயில். வழக்கம்போல எல்லோரும் எழும்பி அந்தப் பக்கம் போய்க் கும்பிட்டோம். சிறு வயதிலிருந்து இந்த இடத்தில் நான் எழும்பாமல் இருந்தபடி போனதேயில்லை. கண்ணை மூடியிருந்தேன். குளிர்ந்தது. திறந்து பார்த்தால் கணுக்காலுக்குமேல் தண்ணீர்.

யாரோ கத்தினார்கள். சிவா அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டார். "இரிங்க, எல்லாரும் இரிங்க!" அவரவர் கதிரைக்குப் போய் இருந்தோம். படகு நிமிர்ந்தது. தண்ணீர் வடிந்து போயிற்று.

பிறகு ஒரே சிரிப்பு. சேர் சொன்னார்: "அம்மன் காலக் கழுவி விட்டிரிக்கா. இதவிட என்ன வேணும்? இதான் நம்மட படகு."

இறங்கும்போது பர்வீன் டீச்சர் என் கையைப் பிடித்தார். மருதமுனையிலிருந்து வருகிறவர். எழும்பாமல் இடப்பக்கத்தில் இருந்தது அவர் மட்டும்தான். "டீச்சர், நீங்கெல்லாம் அங்கால போன நேரம் நான் இருந்த பக்கம் அப்புடியே மேல வந்திட்டு. உங்கட பக்கக் குழாய் தண்ணிக்குள்ள. எல்லாருக்கும் கண் மூடி. நான்தான் பாத்த."

960 என்று எழுதிய அதே கொப்பியில் இதையும் எழுதுகிறேன். எல்லோரும் அவரவர் கதிரையில் இருப்பார்கள் என்றே கணக்குப் போட்டேன். பிள்ளைகளிடம் படம் கீறி, அம்புக்குறி போட்டு, பாரம் எங்கே என்று கேட்கிறவள் நான். முதலில் எழும்பியதும் நான்தான். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பயம்.

ஜூலை 10, வியாழன்

சிவா அண்ணனிடம் கேட்டேன், கோயில் பக்கம் போகாமல் தள்ளிப் போனால்? "அங்கால முழங்கால் தண்ணி. கட்டுவலை வேற. ஆழம் கோயிலடியிலதான் டீச்சர்."

சேரிடம் கேட்டேன். "சரி, ஒருத்தரும் எழும்புறல்ல எண்டு சொல்லுவம். படிச்ச ஆக்கள்தானே. மறுகா என்ன?"

நிரோஷா இன்று பஸ்ஸால் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை என்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

ஜூலை 12, சனி

இரண்டாவது ஓட்டம். ஏறுவதற்கு முன் நானே சொன்னேன்: கோயிலடியில் இருந்தபடி கும்பிடுவோம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பையை மடியில் வைத்து, அதன் வாரைக் கதிரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

வளைவு. மணிச்சத்தம். பூசை நேரம்.

பை நிலத்தில் கிடந்தது. நான் வலப்பக்கக் கம்பியோடு நின்றேன், கை கூப்பியபடி. எப்போது எழும்பினேன் என்று தெரியாது. என் பக்கத்தில் சேர், அவருக்குப் பக்கத்தில் நிரோஷா. எல்லோரும்.

திரும்பிப் பார்த்தேன். பர்வீன் டீச்சர் இடப்பக்க விளிம்பில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் முழுப் பாரத்தையும் அந்தப் பக்கம் சாய்த்து இருந்தார். இந்த முறை விரல் நனையும் அளவுதான் தண்ணீர். மூன்று பேர் வரவில்லை, அதனால்.

கரையில் வைத்துச் சொன்னார்: "நான் ஒராள் எவ்வளவத்தான் டீச்சர் புடிக்கிற?"

ஜூலை 13, ஞாயிறு

சேர் வீட்டில் கூட்டம். பிளேன்டீ, பருப்பு வடை.

பழையதை எடுப்போம் என்றேன். மூன்று குழாய், ஒரு பக்கம் எல்லோரும் போனாலும் தாங்கும் என்றேன்.

சேர் கோபமாகவே கேட்டார். "அம்மன் ரெண்டு தரமும் காப்பாத்தினவதானே? மூண்டாந்தரம் விட்டிருவா எண்டா சொல்றீங்க?"

மாரிகாலத்தில் காற்றும் அலையும் வரும், அப்போதும் நாங்கள் எழும்புவோம் என்றேன். எழும்பக் கூடாதென்று சொன்ன நானே எழும்பினேன் என்றேன். பர்வீன் டீச்சர் தான் பார்த்ததைச் சொன்னார். சிவா அண்ணன் வாசலில் நின்றபடி, "டீச்சர் சொல்றது சரி" என்றார். பழையது என்று முடிந்தது.

நிரோஷா என்னைப் பார்க்கவேயில்லை. கேற்றடியில் பிடித்தேன்.

"மூணு மாசத்தில எனக்கு எட்டு மாசம் அக்கா. அதுக்கு மறுகா படகு எனக்கு எதுக்கு?"

போய்விட்டாள். சரியானதைச் சொன்னேன் என்று தெரியும்.

ஜூலை 15, செவ்வாய்

5.20 பஸ். முன் ஆசனம் குலுங்காது என்று ஓடிப்போய் அவளுக்கு இடம் பிடித்தேன். வந்தாள், இருந்தாள். பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. கொண்டுவந்த தலையணையை நீட்டினேன். வாங்கி இடுப்புக்குப் பின்னால் வைத்தாள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையார் கோயிலடியில் ட்ரைவர் பஸ்ஸை மெதுவாக்கினார். கொண்டக்டர் உண்டியலுக்குக் காசோடு குதித்தார். பஸ் முழுக்க ஆட்கள் ஆசனத்தை விட்டு அரைவாசி எழும்பினார்கள். நிரோஷாவும். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழும்பி, மற்றக் கையை நெஞ்சில் வைத்தாள்.

இருந்ததும் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"எழும்பாம இரிக்க ஏலாதுதான், என்னக்கா?"

பிறகு பள்ளம் தொடங்கியது. என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, மேலே தன் கையை வைத்து அமத்திப் பிடித்தாள். இறங்கும்வரை விடவில்லை.