பழையாற்றங்கரையில் உன்னை நடக்க வைத்தவள்

என் கூடப் பிறந்த அக்காவுக்கு,

நீ போன பிறகு கன்னிப்பூ நெல் அறுவடையும் முடிந்துவிட்டது. நம் ஊரைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து மதராஸோடு சேர்த்துவிட்டார்கள். தெருவெல்லாம் வெடி போட்டார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. நாளைக்கு இன்னொருவர் வந்து வேறு மாதிரி சொல்லமாட்டாரா? என் குணம் உனக்குத் தெரியாததா!

உன் மருமகள் பகவதியையும் நான் முதலிலிருந்தே நம்பவில்லை. இப்போதாவது நம்புகிறேனா?

அத்தான் இறந்த பிறகு நீ உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. உடம்பு பெருத்தது. முற்றத்தைக் கடப்பதற்குள் மூச்சு வாங்கியது. கூடவே மறதியும் வந்தது. கோயிலுக்குப் போன நீ வீடு திரும்பும் தெரு தெரியாமல் நின்றாய். ஒருநாள் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாய். அன்று பூதப்பாண்டியில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

பகவதி உன்னை நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். உடம்பு இப்படிக் கனத்தால் மூளைக்கும் கேடு, சாப்பாட்டைக் குறைத்து தினமும் நடக்க வையுங்கள் என்றாராம். மறதி போய்விடும் என்று உறுதி சொல்லவில்லையாம். எல்லாம் பகவதி சொல்லிக் கேட்டதுதான். நான் கூடப் போகவில்லையே.

அடுத்த முறை சுசீந்திரத்தில் உன் வீட்டுக்கு வந்தபோது உன் ரவிக்கை தொளதொளத்துக் கிடந்தது. மத்தியானம் ஒரு பிடி சோறு, ராத்திரி பயறும் கீரையும். நான் சுட்டுக் கொண்டு வந்த முந்திரிக்கொத்தைப் பகவதி வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டாள். பட்டினி போட்டே உன்னை அனுப்பிவிடப் பார்க்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டேன்.

விடிந்ததும் உன் கையைப் பிடித்துப் பழையாற்றங்கரைக்குக் கூட்டிப் போவாள். நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வயலருகிலும் நிறுத்திக் கேட்பாள்: "அத்த, இது யாருக்க வயலு? இதுக்கு வடக்க யாரு?" வீட்டில் பாகம் பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். நீ முழுசாக மறப்பதற்குள் உன் மனசில் உள்ளதைப் பிழிந்து எடுக்கிறாளோ?

கீழத்தடி என்கிற வயலருகில் வெகுநேரம் நின்றாய். "தெரியல்ல மக்கா" என்றாய். அது அம்மா எனக்கென்று வாயால் சொல்லிவைத்தது. அத்தான் பயிர் வைத்து வந்தார். கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. இவள் முன்னால் அதை ஏன் நினைவுபடுத்துவேன்?

மாதங்கள் போயின. நீ கைப்பிடி இல்லாமலே நடந்தாய். ஒரு காலையில் அதே வயலருகில், யாரும் கேட்காமலே சொன்னாய்: "இது நமக்கு உள்ளதில்ல, கேட்டியா? அம்மை தங்கச்சிக்கு வச்ச வயலு."

நான் பகவதியின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளும் அவள் அதே இடத்தில் அதையே கேட்டாள். அதற்கு மறுநாளும் விடவில்லை. உன் பதில் மாறும் என்று காத்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

பாகம் பிரிக்க வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். உன் மகன் தாணு, பகவதியின் புருஷன், கீழத்தடியும் தனக்குத்தான் என்றான். நீ இல்லை என்றாய். அவன் என் பக்கம் திரும்பினான். "கோவப்படாதீங்க சித்தி. அம்மைக்கு புத்தி கலங்கிக் கிடக்கு. தெரு தெரியாம நின்னாவல்லா?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அக்கா, அந்தக் குனிவை நான் எப்படித் தாங்கினேனோ.

அடுக்களை வாசலிலிருந்து பகவதியின் குரல் வந்தது. "கலங்கல்ல. அது அப்பம். இப்பம் நித்தமும் நான் கேக்கேன், நித்தமும் ஒரே சொல்லுதான் சொல்லுதாவ. சந்தேகம்னா வரப்பு வரப்பா நீங்களே கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள். ஒரு வரப்புகூடத் தப்பாமல் நீ சொன்னாய். பெரியவர்கள் உன் சொல்லையே ஏற்றார்கள். வயல் என் கைக்கு வந்தது.

அன்று கிணற்றடியில் பகவதியை மறித்தேன். "ஏட்டி, ஒனக்கு உள்ளதுதானே போச்சு? எதுக்கு இப்பிடிச் செய்த?"

"அத்தைக்குத் தெரிஞ்சது வயலும் வரப்பும்தான் சித்தி. வேற எதக் கேட்டு நான் அவியள பேச வைக்க?" என்று வாளியை இறக்கினாள். நான் கேட்டதற்கு இதுவா பதில்?

பிறகு ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று. கடைசிவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாய். உன்னைத் தெளிய வைத்தது நடையா, குறைந்த சோறா, ஒருத்தி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றதா? கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கும் உடம்பு கனத்துவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி எதிரில் நிற்கிறாள், அவள் பெயர் வாயில் வரவில்லை. பகவதி பார்த்துவிட்டாள். என் தட்டிலும் சோறு குறைந்துவிட்டது. இன்று காலையில் வந்து, "சித்தி, எழும்புங்க. ஆத்தங்கரை வரை போயிட்டு வருவோம்" என்றாள். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிள்ளையில்லாத எனக்குப் பிறகு கீழத்தடி யாருக்கு என்று அவள் யோசிக்காமலா இருப்பாள்?

ஆனாலும் உன்னை மாதிரி என் புத்தியோடு போக எனக்கும் ஆசை இருக்கிறது அக்கா. நாளைக்குப் போகிறேன். அவளைச் சந்தேகப்படுவதை விட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்லமாட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் முந்தானையைப் பிடித்து வளர்ந்த
தங்கச்சி