பட்டது, வைத்தாள்

அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னிடம் தைக்கக் கொடுத்த துணியை, நீ வெட்டுவதற்கு முன்பே நாலு பேர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டதாக எழுதியிருந்தாய். பரிசு பெற்று, கல்லூரி மலரில் வந்த என் கட்டுரை அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்துவிட்டதா!

முதலில் நான் எழுதியதில் உயிரே இல்லை. "என் கையில் இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது" என்றுதான் இருந்தது. ஆசிரியை அதன் கீழே கோடு போட்டு, "தானா பட்டுச்சா, யாராவது வெச்சாங்களா? பயப்படாம எழுதும்மா" என்றார். நான் "அம்மா வைத்தாள்" என்று மாற்றினேன். வகுப்பில் வாசித்தபோது, "பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்சிடுச்சே!" என்று ஆசிரியையே கைதட்டினார். அன்றிலிருந்து பேனா பிடிக்க எனக்குக் கை நடுங்குவதில்லை.

சின்ன வயதில் நான் ஓடிவந்து, நீ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மேசையில் இடித்ததையும், நீ அழுதுகொண்டே என் கையை ஊதியதையும், ஒரு மாதம் ஊட்டிவிட்டதையும்கூட எழுதத்தான் செய்தேன். கதை தொய்கிறது என்று நானே அடித்துவிட்டேன்.

"தெரியாம பட்டதுதான்னு ஒரு வரி திருத்திப் போடக் கூடாதாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். கூடாது அம்மா. பரிசு கிடைத்ததே அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

கடைசியில் "மனசு கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்று எழுதியிருக்கிறாய். "கொஞ்சம்" என்பது பயந்தவர்கள் போடும் சொல். அதை மட்டும் சிவப்பு மையில் அடித்து, உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது வாசித்துப் பார், நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மகள்