மறுப்பதற்கு இத்தனை சொற்கள்

12 பெப்ரவரி 1944, பிரிக்ஃபீல்ட்ஸ்

மணி எட்டு, இன்னும் விடியவில்லை. ஜப்பான்காரர் வந்து டோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றி இரண்டு வருடமாகியும் என் கனவுகள் மட்டும் பழைய நேரத்திலேயே வந்து போகின்றன. எழுந்து சமைத்து, இவரை ரயில்வே அலுவலகத்துக்கு அனுப்பும்வரை பாதிக் கனவுக்குள்தான் நடமாடுகிறேன்.

ஆங்கில அகராதியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பின்வளவில் மரவள்ளிப் பாத்திக்குள் புதைத்திருக்கிறோம். பதினாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் வீட்டைச் சோதித்தால் என்ன ஆகும் என்று இவருக்குப் பயம். ஆகவே நினைவிலேயே பக்கம் புரட்டுகிறேன். இன்று அகப்பட்டது ‘அகெயின்ஸ்ட்’. ‘எதிராக’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். எவ்வளவு அவசரம் அப்போது! ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்தாலும் இதே சொல். மழை வந்து ஜன்னல் கண்ணாடியில் விழுந்தாலும் இதே சொல். பஞ்சம் வரக்கூடும் என்று ஒரு பிடி அரிசி சேர்த்து வைப்பதற்கும், மாலை வானத்தின் முன் ஒரு கொக்கு வெள்ளையாகத் தெரிவதற்கும் இதுதான். பெரிய வீடு அது. சண்டை அதில் ஓர் அறை மட்டுமே.

19 பெப்ரவரி

கிள்ளானிலிருந்து தம்பு அண்ணை வந்தார். இவருடைய ஒன்றுவிட்ட தமையன். பூரணத்துக்கு ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை இராமலிங்கம், கிள்ளான் அரசாங்கக் கச்சேரியில் எழுத்தர். நல்ல மனிதர், குடியில்லை. முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாளாம். வயது நாற்பத்தொன்று.

என் மகளுக்குப் பதினெட்டு. எனக்கு நாற்பத்து மூன்று.

“குமர்ப் பிள்ளையை இந்தக் காலத்திலை வீட்டிலை வைச்சிருக்கலாமே, தங்கச்சி? கல்யாணமாகாத பெட்டையளின்ரை பேரை ஜப்பான்காரங்கள் எழுதிக்கொண்டு போறாங்களாம். தாலி ஏறினால் ஒருத்தனும் கேளான்.”

இவர் “ம்” என்றார். இருபது வருடமாக இவருடைய “ம்”மை ‘ஓம், சரி’ என்றே வாசித்து வருகிறேன். குனிந்து மாப்பிள்ளையின் சாதகத்தை வாங்கிச் சாமித்தட்டில் வைத்து, பூரணத்தினதை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு பூரணத்திடம் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கியபடி, “நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுறதுதான் அம்மா” என்றாள். முகம் நிமிரவில்லை. மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று வீடெல்லாம் சத்தம் போட்டுத் திரிந்தவள். அந்தச் சத்தத்தை எங்கே வைத்திருக்கிறாள்?

21 பெப்ரவரி

‘ஒப்போஸ்’ – எழுந்து முகத்துக்கு முகம் நிற்பது. ‘ரெசிஸ்ட்’ – இழுத்தாலும் நகராமல் இருப்பது. ‘ஒப்ஜெக்ட்’ – கோட்டுப் போட்டவர்கள் கையை உயர்த்திச் சொல்வது. ‘அவேர்ஸ்’ – உள்ளுக்குள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. நான் அந்தக் கடைசிச் சொல்லில் குடியிருக்கிறேன்.

27 பெப்ரவரி, ஞாயிறு

இன்று செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று வாயால் சொன்னதில்லை. வந்தவர்களுக்கு இனிப்பில்லாத கோப்பி கொடுப்பார்கள். வந்தவர் ஒரு மிடறு குடிப்பார், விளங்கிக்கொள்வார், மழையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு எழும்புவார். யார் மனமும் நோகாது. என் அம்மா இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பினாள்.

தம்பு அண்ணையோடு மாப்பிள்ளையின் அக்கா நல்லம்மாள் வந்தா. காலையிலேயே இவர் எங்கேயோ தேடிப்பிடித்து ஒரு துண்டு குலா மலாக்கா கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருந்தார். பனைவெல்லம் போல மணம். இந்தச் சம்பந்தத்தில் இவ்வளவு ஆசையா இவருக்கு? அதை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். மரவள்ளியை வறுத்து இடித்த கோப்பித்தூளில் வெறும் கோப்பி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

நல்லம்மாள் முழுதும் குடித்தா. “நல்ல சூடு” என்று இன்னொரு கோப்பை கேட்டா.

3 மார்ச்

தம்பு அண்ணை ஆள் அனுப்பியிருக்கிறார். அவர்களுக்குப் பெரிய திருப்தியாம். பெண்ணின் தாயும் அன்பாக உபசரித்தாளாம். தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறிக்க ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வரட்டாம்.

கிணற்றடியில் சௌதாவிடம் சொன்னேன். சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தாவூத்தின் மனைவி. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரித்தாள்.

“டீச்சர், எங்க கடையிலயே சீனியைப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு லா! ஊரே வெறுங்காப்பி குடிக்குது. நீங்க வெறுங்காப்பி குடுத்துக் கோவத்தைக் காட்டுனா எவனுக்கு விளங்கும்?”

“அப்ப நான் என்ன செய்ய?”

“வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. இதுக்கா அம்புட்டுப் படிச்சீங்க?”

ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

5 மார்ச், ஞாயிறு

கிள்ளான் ரயில். ஜன்னலோரம் நான், எதிரே இவர். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொரு வரிசையும் ஒரு கணம் திறந்து மூடிக்கொண்டது. அந்தத் திறப்புகளுக்குள் யாரோ நடந்து போவதுபோல இருந்தது. பூரணமாக இருக்கும் என்று எண்ணினேன். சேலை கட்டிக்கொண்டு, என்னைவிடக் கிழவியாக.

என் வாய் திறந்தது எனக்கே தெரியாது.

“இஞ்சேருங்கோ. எனக்கு இதிலை சம்மதமில்லை.”

இவர் முன்னால் சாய்ந்தார்.

“எனக்கும்தான்.”

“என்ன?”

“சாதகத்தை வாங்கிச் சாமித்தட்டிலை வைச்சீர். நீர் விரும்புறீர் எண்டு நினைச்சன். வாறவையிட்டை நீர் வெட்கப்படக்கூடாது எண்டுதானே அந்தக் குலா மலாக்காவுக்கு அலைஞ்சன்.”

கடவுளே. பிள்ளையை இரண்டு பேரும் மரியாதையாகக் கைகொடுத்து ஆற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தோம். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

கிள்ளானில் எல்லோரும் பாயில் இருந்தார்கள். பஞ்சாங்கம் விரித்திருந்தது. இவர் செருமினார். நான் சொன்னேன். “எங்கடை பிள்ளையை இந்தச் சம்பந்தத்துக்குத் தர எங்களுக்கு விருப்பமில்லை. முந்தியே சொல்லாதது எங்கடை பிழை.”

“இவ்வளவு நாளும் வாயிலை என்ன கொழுக்கட்டையே?” என்றா நல்லம்மாள். “ரெண்டு கோப்பை கோப்பி குடிச்சனே உங்கடை வீட்டிலை!”

தம்பு அண்ணை, “என்ர முகத்திலை கரியைப் பூசிப்போட்டாய் சீவரத்தினம்” என்று இவரிடம் கத்தினார். என்னைப் பார்க்கவேயில்லை.

இராமலிங்கம் எழுந்துபோய்ப் பூரணத்தின் சாதகத்தை எடுத்துவந்து, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். புதிதாக முடி வெட்டியிருந்தார். அந்தக் கழுத்தைப் பார்த்தபோது – ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்? அந்த மனுசன் எனக்கு என்ன பாவம் செய்தது?

ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

6 மார்ச்

பூரணத்திடம் சொன்னோம். குளிக்கப் போனவள் கிணற்றடியில் பாடினாள்.

2 ஏப்ரல்

வாசலில் லொறி நின்றாலே நெஞ்சு நின்றுவிடுகிறது. பேர் எழுத வருகிறார்களா? நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவள் விலை கொடுப்பாளா? இவர் ரயில்வே மருந்தகத்தில் பெரியவரைக் கண்டு, கட்டுத்துணி சுற்றும் வேலையில் பூரணத்தைச் சேர்த்திருக்கிறார். அங்கே வேலை என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டுத்தான் இப்போது எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள்.

18 நவம்பர் 1944

இராமலிங்கத்துக்குச் சாலாக் செலாத்தானில் கல்யாணம். பெண்ணுக்கு முப்பத்திரண்டாம். எங்களுக்கு அழைப்பில்லை. கோயில் பக்கம் போகும்போது அவர்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன்.

14 ஒக்டோபர் 1945

ஜப்பான்காரர் போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. பூரணம் விட்ட இடத்திலிருந்து படிக்கட்டும், மருத்துவம் இனி முடியாவிட்டாலும் என்னைப்போல ஆசிரியை ஆகட்டும் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பின்னேரம் சொன்னேன்.

“இல்லை அம்மா” என்றாள். தலையைத் துவட்டிக்கொண்டே. “நான் கிள்ளான் ஆஸ்பத்திரியிலை நேர்ஸ் வேலை பழகப் போறன். எழுதிக் கேட்டிட்டன், நாளைக்கே வரச்சொல்லிப் போட்டினம்.”

“எங்கடை ஆக்கள் என்ன சொல்லுவினம், பிள்ளை? கண்டவையின்ரை புண்ணைக் கழுவுறதோ?”

“சொல்லட்டும். ஒண்டரை வருசமாய் அதைத்தானே பார்த்துக்கொண்டு வாறன். எனக்குப் பிடிச்சிருக்கு.”

கோபமில்லை, அழுகையில்லை. கொடியில் துணி காயவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அந்த ‘இல்லை’க்கு இருபது வருடம் பிடித்தது.

இவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து “ம்” என்றார். “என்ன ம்?” என்று கேட்டேன். “ஓம்தான்” என்றார்.

எனக்கு இன்னும் விருப்பமில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். “தெரியும் அம்மா” என்று சிரித்தாள். அவளுடைய இரண்டு வெள்ளைச் சேலைகளையும் நீலம் போட்டு உலர்த்தியிருக்கிறேன். ஒன்றில் விளிம்பு பிரிந்திருக்கிறது, தைத்துவிட்டுப் படுக்கவேண்டும். நாளைக் காலை முதலாவது ரயிலுக்குப் போகவேண்டியவள்.