புயலுக்குப் பெயர் வைத்த நாள்

மரியே வாழ்க
தென் லூசியானா, செவ்வாய்க்கிழமை

என் அன்பானவருக்கு,

கப்பலில் நீங்கள் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தாயிற்று. மந்திரித்த குருத்தோலையில் கொஞ்சம் எரித்து, வாசலில் தீர்த்தம் தெளித்தேன்.

வீட்டு இன்சூரன்சைப் புதுப்பிக்க, போன வருடம் நாலாயிரத்து நூறு டாலர்; இந்த வருடம் ஒன்பதாயிரத்து எண்ணூறு கேட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு கம்பெனிகளில் விசாரித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமையோடு பழைய பாலிசி முடிந்தது. திங்கட்கிழமை வரை நாலு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வளைகுடாவில் புயலுக்குப் பெயர் வைத்தார்கள். நேற்று முழுப் பணத்தோடு ஏஜென்ட் ஆல்சிட்டிடம் ஓடினேன்.

"புயல் வளைகுடாவுக்குள்ள வந்துட்டா எந்தக் கம்பெனியும் புதுசா பாலிசி எழுதாது, தங்கச்சி. வெள்ளிக்கிழமை வந்திருந்தா காபியும் கொடுத்து எழுதியிருப்பேன்" என்றார்.

பக்கத்து வீட்டு ஒடீல் காரில் சாமான் ஏற்றிக்கொண்டே, "உனக்கென்னடி, பாலிசிக்காரி. பழைய வீடு போனா புது வீடு வரும். நான்தான் மாதாவை மட்டும் நம்பி ஓடுறேன்" என்றாள்.

தலையாட்டினேன். ஞாயிறன்று போனில் "கட்டிட்டியா?" என்று நீங்கள் கேட்டபோதும், கட்டியாச்சு என்றுதான் சொன்னேன். மறுநாள் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு உங்களிடம் சொல்ல நா எழவில்லை.

கிழக்குக் காற்று தொடங்கிவிட்டது. ஒடீலின் காரில் வடக்கே போகிறேன். பணம் ஒரு காசு குறையாமல் காபி டப்பாவில், என் மடியில் இருக்கிறது. வீட்டைத்தான் எடுத்துவர முடியவில்லை.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
மனைவி